நீர்மேல் விழுந்த மரத்துண்டு: ஜேம்ஸ் ஹெடனின் வாழ்க்கை

சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கு விரால் வந்திருக்கும் நாளில் மீன் கடைப் பக்கம் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். மற்ற மீன்களெல்லாம் பனிக்கட்டியின்மேல் அசைவற்றுக் கிடக்கும். விரால் மட்டும் பாத்திரத்துக்குள் நெளிந்துகொண்டிருக்கும். காற்றைச் சுவாசிக்கத் தெரிந்த மீன் அது. குளத்திலும் அடிக்கடி மேலே வந்து மூச்சு வாங்கிப் போகும். நீரின் மேற்பரப்பு அதற்குப் பழகிய களம். அங்கே ஒரு தவளை தத்திச் சென்றால், அதுவரை அல்லி இலைக்கடியில் கட்டைபோல் கிடந்த விரால் அம்புபோல் எழும். நாம் மீனை விலை பேசுகிறோம். வாங்கி வந்து குழம்பு வைக்கிறோம். அது எப்படி அகப்பட்டது என்று மட்டும் கேட்பதில்லை.

நம் பாட்டன்மார் கேட்காமலே அறிந்திருந்தனர். பெங்களூரில் 1809-ஆம் ஆண்டு தண்டு அமைந்தபின், பட்டாளத்தோடும் பிழைப்பைத் தேடியும் இங்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்கள் விட்டு வந்த ஊர்களில் ஏரி இருந்தது. ஏரியில் விரால் இருந்தது. முள்ளில் தவளையைக் கோத்து, கொடிகளுக்கிடையே நீரின்மேல் தத்தித் தத்திச் செல்லுமாறு ஆட்டி விராலைப் பிடிப்பது அவ்வூர்களில் சிறுவரும் அறிந்த கலை.

அந்தத் தவளையின் இடத்தில் ஒரு மரத்துண்டை வைத்து, அதையும் மீன் நம்பித் தாக்கும் என்று காட்டிய ஒருவர் அமெரிக்காவில் வாழ்ந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் ஹெடன். தூண்டில் பிடிப்போர் உலகில் அவரை அறியாதார் அரியர். நம்மிடையே அவரை அறிந்தார் அரியர். மீன் பிடித்தவன் வரலாற்றில் மாணவர்க்கு என்ன இருக்கிறது என்று நண்பர்கள் புருவத்தை உயர்த்த வேண்டா. ஓர் உயிரின் மனத்தை ஊன்றிக் கவனித்த மனிதரின் வரலாறு இது. கவனிப்பதுதானே கல்வியின் முதற்படி!

ஊரும் தொழிலும்

ஹெடன் 1845-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். ஆயினும் அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது பிறந்த ஊரன்று, வாழ்ந்த ஊரே. மிச்சிகன் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் டோவாஜாக் என்னும் சிற்றூர் இருக்கிறது. உணவு தேடும் இடம் என்று பொருள்படும் பழங்குடி மக்களின் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது என்பர். சுற்றிலும் சிறு ஏரிகள். ஊரை ஒட்டி ஓர் ஓடை. ஓடையை மறித்து ஆலைக்காகத் தேக்கிய ஒரு குளம். அந்நாளில் டோவாஜாக்குக்குப் பெயர் தேடித் தந்தவை அங்கே வார்க்கப்பட்ட இரும்பு அடுப்புகளே. பின்னாளில் அடுப்பை மறந்த உலகம் அவ்வூரை ஒரு மரத்துண்டால் நினைவு வைத்துக்கொள்ளும் என்று அன்று யாரும் எண்ணியிருக்க முடியாது.

ஹெடன் அங்கே தேனீ வளர்த்தார். இரண்டு பெட்டிகளைத் தோட்டத்து மூலையில் வைத்துக்கொண்டு பொழுது போக்கியவர் அல்லர். தேனையே வாழ்வுக்கு வழியாகக் கொண்டு, பெருங்கணக்கில் தேனீக் குடிகளை வளர்த்து, நாடறிந்த தேனீ வல்லுநர்களில் ஒருவராக உயர்ந்தார். தேனீ பற்றிய அந்நாளைய இதழ்களில் அவர் பெயர் அடிக்கடி வரும். அவரைச் சுற்றி வாதங்கள் எழும். அடைகாக்கும் அறையை இரு தட்டுகளாகப் பிரித்து, வேண்டியபோது மேலது கீழாக மாற்றிக்கொள்ளத்தக்க பெட்டி ஒன்றை அவர் வகுத்தார். அதற்கு 1885-இல் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் தம் முறைகளை விளக்கி ஒரு நூலும் வெளியிட்டார். ஊரில் ஒரு செய்தித்தாளையும் நடத்தினார். ஒரு தொழிலோடு ஒடுங்கிக் கிடக்கும் இயல்பு அவரிடம் இல்லை.

தேனீ தந்த பாடம்

அவருடைய கூர்மையை அறிய ஓர் எடுத்துக்காட்டுப் போதும்.

தேனீக் கூடு நிறைந்தால் குடி பிரியும். பழைய இராணி ஒரு கூட்டத்தோடு வெளியேறும். சில நாள் கழித்து, எஞ்சிய கூட்டிலிருந்து புது இராணியோடு மற்றொரு கூட்டமும் புறப்படும். இப்படிப் பிரிந்து பிரிந்து குடிகள் வலுவிழந்தால் வளர்ப்பவனுக்குத் தேன் கிட்டாது. பலரும் இதைத் தடுக்கக் கூட்டைத் திறந்து இராணி அறைகளைக் கிள்ளி எறிந்துகொண்டிருந்தனர். ஹெடன் வேறு வழி கண்டார். பிரிந்து சென்ற கூட்டத்தைப் பிடித்துப் பழைய இடத்திலேயே குடியேற்றினார். தாய்க்கூட்டை அதன் அருகில் வைத்தார். ஏறத்தாழ ஒரு வாரம் கழித்துத் தாய்க்கூட்டைச் சந்தடியின்றித் தொலைவில் கொண்டு வைத்தார். மேயச் சென்றிருந்த தேனீக்கள் பழகிய திசைக்கே திரும்பி வந்தன. தம் கூட்டைக் காணாமல் பக்கத்திலிருந்த புதுக் குடியோடு கலந்துகொண்டன. புதுக் குடி வலுத்தது. தாய்க்கூடு மேலும் பிரியும் ஆற்றலை இழந்தது.

இதில் வன்முறை இல்லை. தேனீ என்ன செய்யும் என்பதை அறிந்து, அதன் பழக்கத்தைக் கொண்டே காரியத்தை முடித்துக்கொண்டார். இந்த முறைக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. உயிரை வற்புறுத்தாதே, அதன் பழக்கத்தை அறிந்து அதன் வழியில் நில் என்னும் இப்பாடமே பின்பு நீர்க்கரையிலும் அவருக்குத் துணை நின்றது.

குளக்கரையில் நிகழ்ந்தது

ஹெடனைப் பற்றிச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. அது 1898-ஐ ஒட்டி நடந்தது என்பர். நண்பர் ஒருவரோடு மீன் பிடிக்கச் செல்ல ஆலைக்குளத்தின் கரையில் காத்திருந்தாராம். நண்பர் வரத் தாமதமாயிற்று. சும்மா இருக்க மாட்டாமல் கையிலிருந்த பேனாக்கத்தியால் ஒரு குச்சியைச் சீவிக்கொண்டிருந்தாராம். சீவிய துண்டைக் குளத்தில் எறிந்தார். அது நீரில் விழுந்து ஆடிய நொடியில், அடியிலிருந்து ஒரு பாஸ் மீன் பாய்ந்து வந்து அதைத் தாக்கிற்றாம்.

இக்கதையை ஊர்தோறும் வெவ்வேறு விதமாகச் சொல்வர். ஆப்பிள் விழுந்த கதையைப் போல இதிலும் எவ்வளவு உண்மை, எவ்வளவு மெருகு என்று பிரித்தறிய இயலாது. ஆனால் அக்காலத்தை ஒட்டி அவர் தம் கையால் மரத்தவளைகள் செதுக்கியது உண்மை. அவற்றில் மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன. பழம்பொருள் சேர்ப்போர் அவற்றைப் பொன்னினும் மேலாகப் போற்றுகின்றனர்.

கதையை உண்மை என்றே கொள்வோம். எண்ணிப் பார்த்தால் அதில் வியப்பு மீன் பாய்ந்ததில் இல்லை. அதற்கு முன்பும் எத்தனையோ பேர் எத்தனையோ குளங்களில் குச்சி எறிந்திருப்பார்கள்; மீன்களும் பாய்ந்திருக்கும். பார்த்தவர்கள் சிரித்துவிட்டு வீடு சென்றிருப்பார்கள். ஹெடன் சென்று மறுபடியும் குச்சி சீவினார். அங்கேதான் வேறுபாடு.

மீன் ஏன் தயங்குகிறது?

பாஸ் என்பது அமெரிக்க நன்னீர் மீன். நம் கடற்கரையில் கிடைக்கும் கொடுவாவை ஆங்கிலத்தில் கடல் பாஸ் என்பார்கள். அது வேறு இனம். ஹெடன் நாட்டம் கொண்ட பெருவாய்ப் பாஸ் பெயருக்கேற்ற வாய் படைத்தது. கோரைக்கடியிலும், சாய்ந்து கிடக்கும் மரத்தின் நிழலிலும் ஒதுங்கி நிற்கும். நீண்ட தூரம் துரத்தி வேட்டையாடுவது அதன் வழக்கமன்று. இரை அருகில் வரும்வரை காத்திருந்து, வாயை அகலத் திறந்து, நீரோடு சேர்த்து இரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். 1881-இல் ஹென்ஷல் என்னும் மருத்துவர் இம்மீனைப் பற்றித் தனி நூலே எழுதி அதன் வீரத்தைப் புகழ்ந்த பிறகு, அமெரிக்கர் பலர் அதன்மேல் காதல் கொண்டனர்.

நீரின்மேல் மிதக்கும் பொய்யிரையை மீன் கீழிருந்து பார்க்கிறது. வானத்து வெளிச்சத்தின் எதிரே அதற்குத் தெரிவது ஒரு கரிய நிழலுரு. செதிலும் கண்ணும் வண்ணமும் அதற்கு அடுத்தபடிதான். அதன் உடலின் இரு பக்கத்திலும் ஓடும் உணர்கோடு நீரின் சிறு அதிர்வையும் சொல்லிவிடும். ஆகவே தவளையைப் போலவே செதுக்கி வண்ணம் தீட்டினாலும், அசைவு பிழையானால் மீன் திரும்பிப் பாராது. குச்சியே ஆனாலும், அசைவு பொருந்தினால் மீன் வரும்.

வந்த மீன் உடனே கவ்விவிடுமா? அதுதான் இல்லை. பல வேளைகளில் பொய்யிரையின் அடியில் வந்து நிற்கும், உற்றுப் பார்க்கும், சற்றுத் தொடரும், ஐயுற்றால் மெல்ல விலகிப் போய்விடும். அந்தத் தயக்கத்தைத் தீர்ப்பதிலே இருக்கிறது கலை. எறிந்தவுடன் இழுக்கலாகாது. விழுந்த இடத்தில் எழுந்த வளையங்கள் விரிந்து விரிந்து மறையும் வரை விட்டுவிட வேண்டும். பிறகு ஒரு சிறு துடிப்பு. மீண்டும் அமைதி. அடிபட்ட சிற்றுயிர் அப்படித்தான் துடிக்கும், களைத்து நிற்கும், மறுபடி துடிக்கும். தப்பிவிடப் போகிறது என்ற எண்ணமும், எளிதில் கிட்டும் என்ற எண்ணமும் ஒன்றாக எழும் அந்நொடியில் மீன் துணிகிறது; நீர் வெடிக்கிறது.

அதற்குப் பின்னும் ஒரு சோதனை உண்டு. நீர் தெறித்த ஓசை கேட்டதும் கோலை வெடுக்கென்று இழுப்பவன் வெறுங்கையோடு போவான். ஏனெனில் மீன் இன்னும் வாயை மூடியிராது. நரம்பில் கனம் தெரியும் வரை நெஞ்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். காற்றில்லாத விடியற்காலையும் அந்திப்பொழுதும் இதற்கு ஏற்றவை. வள்ளுவர் காலம் பார்த்திருப்பதற்குக் கொக்கை உவமை காட்டியதன் பொருத்தம் இங்கே நன்கு விளங்கும். கொக்கு சும்மா நிற்பதாகத்தான் தோன்றும். ஆனால் குளக்கரையில் அதனினும் ஊக்கமாக உழைப்பவர் எவருமிலர்.

வீட்டிலிருந்து ஆலைக்கு

மரத்தவளையிலிருந்து ஹெடன் மேலும் சென்றார். தவளையின் உருவத்தையே விட்டுவிட்டார். சுருட்டுப் போன்ற ஒரு மரக்கட்டை. அதன் முனை சரிவாகச் சீவப்பட்டிருக்கும். சரிவுக்குப் பின்னே ஒரு விளிம்பு நீரைச் சிதறடிக்கும். வெள்ளை உடலும் நீல மூக்குமாக விளங்கிய அக்கட்டை எந்த உயிரையும் ஒத்திருக்கவில்லை. ஆனால் உயிருள்ள ஒன்று நீரில் தவிப்பதைப்போல் அசைந்தது. அதற்கு 1902-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் காப்புரிமை கிடைத்தது. முட்டாள்கள் தினத்தில் மீன்களை முட்டாளாக்கும் கருவிக்கு உரிமை வழங்கப்பட்டது தற்செயலே. ஆனாலும் நகைச்சுவையுடைய தற்செயல்!

அவ்வாண்டிலேயே மகனோடு சேர்ந்து தொழிலைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு. பலர் சாய்வு நாற்காலியைத் தேடும் வயதில் அவர் கடைசல் எந்திரத்தைத் தேடினார். தொடக்கத்தில் வீட்டிலேயே வேலை நடந்தது. குடும்பத்தார் அனைவரும் கை கொடுத்தனர். வில், சார்லஸ் என்னும் மக்கள் இருவரும் துணை நின்றனர். காலமும் அவர்களுக்கு இசைந்தது. அருகிலுள்ள கலமசூ நகரில் வில்லியம் ஷேக்ஸ்பியர் என்பவர், நாடகாசிரியர் அல்லர், நரம்பை ஒழுங்காகச் சுற்றிக்கொள்ளும் ரீல் ஒன்றைச் செய்து 1897-இல் தொழில் தொடங்கியிருந்தார். கனமுள்ள மரக்கட்டையைத் தொலைவில் எறிய நல்ல ரீல் வேண்டும். நல்ல ரீலுக்கு எறியத்தக்க கட்டை வேண்டும். ஒன்றையொன்று வளர்த்தன.

நீரின்மேல் மிதப்பவற்றோடு, நீருக்குள் மூழ்கிச் செல்லும் சிறுமீன் வடிவக் கட்டைகளும் சில ஆண்டுகளில் வந்தன. டோவாஜாக் என்னும் பெயர் தூண்டில் பெட்டிகளின்மேல் நாடெங்கும் சென்றது. 1911-இல் ஹெடன் மறைந்தார். தொழிலை மக்கள் வளர்த்தனர். மூத்தவர் காலமெல்லாம் மரமாக இருந்த பொய்யிரை, 1930-களில் பிளாஸ்டிக் ஆயிற்று. அந்த வரிசையில் வந்த சாரா ஸ்பூக் என்பது இன்றும் விற்பனையாகிறது; இடமும் வலமுமாகத் தலையை ஆட்டிக்கொண்டு நீரின்மேல் நடந்து செல்லும் அதன் நடை உலகப் புகழ் பெற்றது. பின்னர்க் குடும்பத்தின் கையிலிருந்து நிறுவனம் பிறர் கைக்கு மாறிற்று. பெயர் மட்டும் மாறவில்லை.

புகழும் பொறுப்பும்

ஒருவரைப் போற்றும்போது மற்றவரை மறப்பது வரலாறு ஆகாது. பொய்யிரையை முதன்முதல் கண்டவர் ஹெடன் அல்லர். அமெரிக்காவிலேயே ஜூலியோ பியூல் என்பவர் கரண்டி வடிவ உலோக இரைக்கு 1852-இல் காப்புரிமை பெற்றிருந்தார். நம் வள்ளுவரோ சூதில் வரும் வெற்றியைத் தூண்டிலின் உலோகத்தை மீன் விழுங்குவதற்கு ஒப்பிட்டார். மயக்கும் பொருள், மயங்கும் உயிர் என்ற இரண்டும் தமிழனுக்கு எவ்வளவு பழமையான செய்தி! நம் நாட்டு ஆறுகளிலும் குளங்களிலும் தூண்டில் பிடிப்பது பற்றி, தென்கன்னட மாவட்டக் கலெக்டராயிருந்த எச். எஸ். தாமஸ் 1873-இலேயே மங்களூரில் ஒரு பெருநூல் வெளியிட்டார். ஹெடன் செய்தது, தற்செயலை முயற்சியாக்கி, முயற்சியைத் தொழிலாக்கியது.

அத்தொழிலில் நம் மனத்தை உறுத்தும் பக்கமும் உண்டு. அவர்களுடைய சில கட்டைகளில் மும்முனை முட்கள் ஐந்து தொங்கின. ஒரு மீனுக்குப் பதினைந்து முனைகள்! இன்னொன்றும் எண்ணத்தக்கது. மீன் பொய்யிரையைத் தாக்குவது எப்போதும் பசியால் அன்று. ஆண் பாஸ் தன் கூட்டையும் குஞ்சுகளையும் காவல் காக்கும். அருகில் எது வந்தாலும் மோதும். நம் விராலும் அப்படியே. செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீரின்மேல் கொப்பளித்துக்கொண்டிருக்க, தாய் தந்தை இரண்டும் கீழே காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தினூடே இரையை ஆட்டினால் பெரிய விரால் தயங்காமல் பாயும். அங்கே தயக்கத்தைத் தீர்ப்பது நம் திறமையன்று, அதன் பாசம். அந்த மீனைப் பிடித்தவன் ஒரு மீனைப் பிடித்ததாக எண்ணுவான். உண்மையில் காவலற்றுப்போன நூற்றுக்கணக்கான குஞ்சுகளையும் அழித்துவிட்டான்.

வெடியும் நஞ்சும் இட்டு மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் குற்றமாக்கிற்று. ஆனால் குஞ்சுகளைக் காத்து நிற்கும் மீன்மேல் தூண்டில் எறியாதிருக்கச் சட்டத்தினும் மனமே வேண்டும். உயிரின் மனத்தை அறிந்துகொண்டவனுக்கு அதை வெல்லும் ஆற்றலோடு விட்டுவிடும் கடமையும் சேர்ந்தே வருகிறது. பிடித்த பாஸை மீண்டும் நீரில் விடும் வழக்கம் இன்று அமெரிக்காவில் பரவியிருப்பதற்கு இந்த உணர்வும் ஒரு காரணம்.

நமக்கு

நண்பர்களே, ஹெடன் பெருவீரர் அல்லர்; பேரறிஞர் என்று யாரும் பட்டம் சூட்டவும் இல்லை. தேனீயைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், பார்த்ததை நம்பினார். மீன் தவளையை நம்புகிறது என்றே எல்லாரும் எண்ணிய காலத்தில், அது நம்புவது அசைவையே என்று கண்டுகொண்டார். மற்றவர் வேடிக்கை என்று விட்டதை அவர் வினாவாகக் கொண்டார்.

நம்மில் எத்தனை பேர் அல்சூர் ஏரிக்கரையில் நாள்தோறும் நடக்கிறோம்! பேருந்துக்கு நேரமாயிற்று என்ற எண்ணத்தில் நீரைப் பார்ப்பதே இல்லை. அடுத்த முறை சற்று நில்லுங்கள். கரையோரத்தில் ஒரு வளையம் எழுந்தால், அதை எழுப்பியது எது, ஏன் எழுப்பிற்று என்று கேளுங்கள். விடை உடனே வாராது. வளையம் முழுவதும் விரிந்து மறையும் வரை காத்திருங்கள். டோவாஜாக் குளக்கரையில் ஒரு மனிதர் செய்ததும் அவ்வளவே.